வேப்பம்பலகைக் கதவு

கனகாவுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு கதவு. அரண்மனைக் கதவு இல்லை, குளிக்கிற இடத்துக்கு ஒரு கதவு. தோட்டத்து மூலையில் மூன்று பக்கம் சுவர் எழுப்பிவிட்டு, நாலாவது பக்கம் பழைய புடவையைத் தொங்கவிட்டிருந்தான் அவள் புருஷன் கொளஞ்சிநாதன். புடவைக்கு அந்தப் பக்கம் சந்து. சந்தைத் தாண்டினால் அவன் அண்ணன் கலியமூர்த்தியின் வீடு. கனகா ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் போதும், அந்த மனுஷனுக்குச் சந்தில் ஏதாவது வேலை வந்துவிடும். கோழி தேடுவார், செருமுவார், பீடி பற்றவைப்பார். கனகா சோப்பு போட்டும் போடாமலும் ஓடிவருவாள்.

"உங்க அண்ணன் பார்வ சரியில்லங்க."

"வாயக் கழுவு. அவரு எனக்கு அப்பா மாதிரி."

"அப்பாவாவே இருக்கட்டும். ஒரு பிளாஸ்டிக் கதவு வாங்கி மாட்டுங்க. ஜங்ஷன் ரோட்டுக் கடையில அடுக்கி வச்சிருக்காங்க."

"மரத்த வச்சிக்கிட்டு எவனாவது பிளாஸ்டிக் வாங்குவானா? நானே செய்யறேன் பாரு."

இந்த 'நானே'தான் அந்த வீட்டைப் பிடித்த சனியன்.

கொளஞ்சிநாதன் பீங்கான் கம்பெனியில் சூளை போடுகிறவன். பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் வேகவைப்பதில் கெட்டிக்காரன், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை போட்டு, செகண்ட்ஹேண்டில் ஓர் இழைப்பு மிஷின் வாங்கிவைத்துக்கொண்டு லீவு நாளில் ஆசாரி ஆகிவிடுவான். வாசலில் நின்ற வேப்பமரத்தை வெட்டி, சாமில்லில் கொடுத்துப் பலகையாக அறுத்து வந்தான். பச்சை மரம். நிழலில் இடைவெளி விட்டு அடுக்கி மாதக்கணக்கில் ஆறப்போட வேண்டும் என்று மில்காரர் சொல்லித்தான் அனுப்பினார். யார் கேட்டது? "பச்ச மண்ணயே பக்குவமா காயவைக்கிறவன் நான், பலக எம்மாத்திரம்?" என்று கம்பெனிச் சூளையின் தலைமேல் கொண்டுபோய் அடுக்கினான். மண்ணோடு பழகிய புத்தி. சூடு பட்ட பக்கம் சுருங்க, மறுபக்கம் ஈரமாகவே நிற்க, பலகை ஒவ்வொன்றும் எண்ணெயில் போட்ட அப்பளம் போல முறுக்கிக்கொண்டு வீடு திரும்பியது.

அதற்குப் பிறகுதான் கூத்து. பலகையைக் கட்டைமேல் கிடத்தி, ஆடாமல் அடியில் மரச்சக்கை செருகி, தூக்கிக்கொண்டு நிற்கும் மூலைகளைச் சீவுவான். நேரான குச்சிகள் இரண்டை எடுத்து இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று என்று குறுக்கே வைப்பான். பலகை மட்டத்துக்குக் குந்தி, ஒரு கண்ணை மூடி, இரண்டு குச்சியும் ஒரே கோட்டில் தெரிகிறதா என்று பார்ப்பான். தெரியாது. திரும்பச் சீவுவான். கரண்ட் போய்விடும். கை இழைப்புளியை எடுப்பான். ஒருவழியாகச் சமமாகிவிட்டது என்று சுவரில் சாத்திவைத்தால், அடுத்த ஞாயிறு அது மறுபடி வளைந்திருக்கும். உள்ளே ஈரம் இருக்கிறவரை மரம் அப்படித்தான் செய்யும். அவன் மரத்தைத் திட்ட முடியுமா? பெண்டாட்டியைத்தான் திட்ட முடியும்.

"நீ ஊத்துற தண்ணியிலதாண்டி கொட்டாயெல்லாம் ஓதம் ஏறுது. பலக எப்படி நேரா நிக்கும்? கொஞ்சமா ஊத்திக் குளி."

கனகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொம்மைக்கு வண்ணம் அடித்துவிட்டு, உடம்பெல்லாம் சாயமும் தூசுமாக வீடு வருகிறவள் அவள்.

"குளிக்கவே வேணாம்னு சொல்லிடுங்களேன். நான் நாறிக் கெடக்கறேன், உங்க பலக நல்லா இருக்கட்டும்."

அவன் மிஷினைப் போட்டான். பதில் சொல்ல விருப்பமில்லாதபோதெல்லாம் அந்த வீட்டில் மிஷின் ஓடும்.

மழை முடிந்து, பொங்கலும் போய், மாசி மகத்துக்கு வந்த கூட்டமும் ஊரைவிட்டு வடிந்தது. பலகைகள் தாமாகவே காய்ந்து, இப்போது சீவினால் சீவினபடி நின்றன. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொளஞ்சிநாதன் கடைசிப் பலகையில் இருந்தான். கனகா குளித்துக்கொண்டிருந்தாள்.

இழைக்கிற சத்தம் நின்றது. குச்சி வைத்துப் பார்க்கிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துச் சந்தில் செருப்பு உராய்ந்தது. பீடி நாற்றம். செருமல் மட்டும் இல்லை. காற்றே இல்லாத வேளையில் புடவையின் ஓரம் மெல்ல விலகியது.

கனகா பாவாடையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, புடவையை ஒரே வீச்சில் தள்ளினாள். கலியமூர்த்தி குனிந்த வாக்கில் நின்றார். அவர் தோளுக்குப் பக்கவாட்டில், சந்து போய்த் திறக்கிற தோட்டத்தின் மறுகோடியில், கொட்டகைக்குள் பலகையின் மட்டத்தில் அவள் புருஷனின் முகம் தெரிந்தது. ஒரு கண் மூடியிருந்தது. திறந்திருந்த கண் நேராக இங்கேதான் பார்த்தது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டான்.

ஓடிவருவான் என்றுதான் நினைத்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, இழைப்புளியை எடுத்துச் சீவ ஆரம்பித்தான்.

"கோழி... கோழி இந்தப் பக்கம்..." என்றார் கலியமூர்த்தி.

"இந்தாய்யா உன் கோழி!" பக்கெட்டில் இருந்த சோப்புத் தண்ணீரை அப்படியே அந்த மூஞ்சியில் அடித்தாள். "இன்னொரு தடவ இங்க கால வச்ச, கொதிக்கிற தண்ணிதான். கொளஞ்சியப்பர் கோயில்ல உம்மேல பிராது எழுதிக் கட்டறதெல்லாம் அப்புறம்." அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு சுவரைத் தடவித் தடவி ஓடினார்.

ஈரம் சொட்டச் சொட்டப் புடவையைச் சுற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். "பாத்தீங்கல்ல?"

"எத? நான் பலகயத்தான் பாத்தேன்."

"ஒரு நூலு மேடு இருந்தா உன் கண்ணுக்குத் தெரியுது. முழுசா ஒரு ஆளு நிக்கிறது தெரியலயா?" கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனை அவள் 'நீ' என்றதில்லை.

அவன் இழைப்புளியில் சிக்கிய சீவலை நோண்டினான். "ஒரே தோட்டத்துல இருக்கறோம். அவரோட சண்ட போட்டா நாலு பேரு சிரிப்பாங்க. கதவுதான் ஆயிடப்போவுதே, அதுவரைக்கும் கொஞ்சம்..."

"அப்ப உனக்கு முன்னாடியே தெரியும்."

அவன் மிஷின் சுவிட்சைப் போட்டான். கரண்ட் இல்லை. இத்தனை மாதமும் பைத்தியக்காரி மாதிரி இவனிடமா சொல்லிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபடி திரும்பி நடந்தாள்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் ஜங்ஷன் ரோட்டுக்குப் போனாள். தன் சம்பளத்தில் பிளாஸ்டிக் கதவு வாங்கி, கடைக்காரரின் ஆளையே கூட்டிவந்து குளிக்கிற இடத்துக்கு மாட்டினாள். கொளஞ்சிநாதன் குற்றவாளிக்கு வருகிற சுறுசுறுப்போடு இராப்பகலாக உட்கார்ந்து தன் கதவை முடித்தான். பொய் சொல்லக்கூடாது, கதவு அருமையாக வந்திருந்தது. தரையில் கிடத்தினால் நான்கு மூலையும் படிந்து உட்கார்ந்தது.

"எப்படி வந்துருக்குது பாரு," என்றான், பூனை மாதிரிக் குரலை இறக்கி.

"நம்ம படுக்குற ரூமுக்கு மாட்டு. அங்கயும் துணிதான தொங்குது. தாழ்ப்பா உள்பக்கம் இருக்கணும்."

கோபம் தணிந்துவிட்டது என்று அவனுக்கு உயிர் வந்தது. சீட்டியடித்துக்கொண்டு நிலை வைத்து, கீல் முடுக்கி, தாழ்ப்பாள் அடித்து, நாலு தடவை திறந்து மூடிப் பார்த்தான். கொட்டகையைக் கூட்டிப் பூட்டிவிட்டு, கைகால் கழுவி, சாப்பிட்டு, படுக்க வந்தான். கதவு சாத்தியிருந்தது. தள்ளினான். அசையவில்லை.

"கனகா... கதவத் தொற. நான் எங்க படுக்குறது?"

"உங்க அண்ணன் வூட்டுல போயிப் படு."