லாங்கிளாத்

மக்பூல் மாமா வெள்ளைத் துணியின் ஓரத்தைப் பல்லால் கடித்து, இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். சர்ரென்ற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. பரக்கத் பீவி அடுப்படியிலிருந்து ஓடி வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இன்னா மாமா பண்றீங்க? வாப்பா இன்னும் மூச்சோட இருக்காரு."

"இல்லைன்னா சொன்னேன்? சாயந்திரம் தாண்டாதுன்னுட்டாரு டாக்டரு. நாளைக்குப் பொன்னேரில கடையடைப்பாம். அதான் காலைலயே போயி வாங்கியாந்தேன். கிழிச்சி வெச்சிட்டா ஒரு வேலை முடிஞ்சிது."

மக்பூல் மாமா கெட்டவர் இல்லை. பத்து மணி ரயிலுக்கு எட்டரைக்கே போய் பெஞ்சில் உட்காருகிறவர். மச்சானின் மவுத்துக்கும் அப்படியே முன்னதாக வந்துவிட்டார், அவ்வளவுதான்.

பரக்கத் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். இரண்டு நாளாக மூடியே கிடந்த வாப்பாவின் கண்கள் திறந்திருந்தன. சத்தம் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வாப்பா காஜா மைதீன் இருபத்து மூன்று வருடம் மெட்ராஸுக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த பயணிகள் கப்பலில் லினன் ரூம் பார்த்தவர். படுக்கை விரிப்பு, தலையணை உறை, மேஜைத் துணி, துண்டு என்று கப்பலில் இருந்த துணியெல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். கரையேறிப் பழவேற்காட்டுக்கே வந்து சேர்ந்த பிறகும் அந்தக் கதைகள் ஓயவில்லை. முதல் வகுப்பில் வந்த துரைசானி தலையணை உறையில் எத்தனை முடி இருந்தது என்பதுவரை சொல்லுவார். ஆனால் துணி கிழிகிற சத்தத்துக்கு இப்படிக் கண் திறக்கும்படி என்ன நடந்தது என்று மட்டும் அவளுக்குத் தெரியாது.

தெரிந்தவர் கொல்லையில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ஞானதாஸ், அதே கப்பலில் இஸ்திரி போட்டவர். செய்தி கேட்டு ராயபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். பரக்கத் அவரிடம் போய்க் கேட்டாள்.

"அந்தச் சத்தம் பாய்க்குத் தெரியும்மா. கடல்ல யாராவது செத்துட்டா கான்வாஸ்ல வெச்சித் தச்சி, கால்மாட்டுல இரும்பு கட்டி எறக்கிடுவாங்க. தைக்கிறது உங்க வாப்பாதான். சொன்னதில்லியா?"

"ஒரு நாளும் சொல்லல சாச்சா."

"நாகப்பட்டணத்து அம்மா ஒண்ணு, பினாங்குல புள்ளயப் பாக்கப் போச்சி. டெக் டிக்கெட்டு, மேல்தட்டுல வெயில்லதான் கெடக்கணும். பொழைக்காதுன்னு கப்பல் டாக்டரு சொன்னதும் பாய் முன்கூட்டியே கான்வாஸக் கிழிச்சாரு. அந்தச் சத்தத்துல அது கண்ண முழிச்சி, இன்னாப்பா அதுன்னு கேட்டுச்சி. உனக்கு வெயில் அடிக்குதே, மறைப்பு கட்றேன்னுட்டாரு. சொன்ன வாய்க்குக் கட்டியும் விட்டாரு. மூணு நாளு அந்த நெழல்லயே கெடந்து செத்துச்சி. அப்புறம் அதையே அவுத்துத்தான் தச்சாரு."

"அது எதுக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"இதையேதான் பாயும் கேப்பாரு. ஒவ்வொரு டிரிப்பும் கேப்பாரு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "பரக்கத்து... இன்னா சத்தம்?"

ஜன்னலுக்குத் திரை என்று சொல்லத்தான் அவள் நினைத்து வைத்திருந்தாள். இப்போது அதைச் சொல்ல முடியாது. அந்தப் பொய்யை ஏற்கெனவே தைத்துப் பார்த்தவரிடம் எப்படிச் சொல்வது? பயத்தோடு அவர் போய்விடக் கூடாது, அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவள் அறைக்குள் போனதும் வாசற்படியில் நின்று மக்பூல் மாமா வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார்.

"கபன் துணி வாப்பா. மாமா வாங்கியாந்தாரு."

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

காஜா மைதீன் படுக்கையில் கையைத் திருப்பி விரித்தார். பிறகு, "கொண்டா" என்றார்.

துணியின் நுனியை அவர் விரல்களுக்கு நடுவில் வைத்தாள். கட்டைவிரல் மெல்ல நகர்ந்தது. தேய்த்தது, நின்றது, மறுபடியும் தேய்த்தது.

"லாங்கிளாத்து."

"ஆமா வாப்பா."

"கஞ்சி ஜாஸ்தி. குத்தும். நல்லா அலசிப் போடு." அவள் பின்னாலேயே வந்து நின்றிருந்த ஞானதாஸின் பக்கம் கண்ணைத் திருப்பினார். "அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிதான் இருக்கும் ஞானதாஸு."

"இருக்கும் பாய்."

அவர் முகத்தில் பயத்தைத் தேடினாள் பரக்கத். துணி விற்ற கடைக்காரன் மேல் கொஞ்சம் எரிச்சல்தான் தெரிந்தது.

நல்ல தண்ணீர்க் கிணற்றில் இறைத்து, கபனுக்கென்று மாமா கிழித்து முடித்த மூன்று துண்டுகளையும் வாளியில் முக்கினாள். தண்ணீர் பால்போல் வெளுத்தது. அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் பிடித்தாள். அழுகை வந்தது, அழுதுகொண்டே கசக்கினாள். கொல்லைக் கொடியில் உதறிப் போட்டபோது ஏரிக் காற்று துணியைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. அந்தக் காற்றில் துணி காய அரைமணி போதும்.

"காஞ்சிச்சா?" என்றார் வாப்பா உள்ளேயிருந்து.

தொட்டுப் பார்த்தாள். நன்றாகக் காய்ந்திருந்தது.

"இல்ல வாப்பா. இன்னும் ஈரமா இருக்கு."

"ஈரத்தோட மடிச்சிடாதே. பூசணம் பூத்துடும்."

"சரி வாப்பா."

கொடியிலிருந்து உருவி மறுபடியும் வாளிக்குள் அமுக்கினாள். மாமா பார்த்துவிட்டார். கிணற்றடிக்குப் போய் இன்னொரு வாளி தண்ணீர் இறைத்துக்கொண்டு வந்து வைத்தார்.

நண்பகல் லுஹர் பாங்கு சொன்னபோது இரண்டாவது முறை கேட்டார். குரல் பாதிதான் வந்தது. ஈரம் என்றாள். அதற்கு "ம்" என்று மட்டும் சொன்னார். துணி மூன்றாவது முறை நனைந்து கொடிக்கு ஏறியது.

அதுவும் காய்ந்தது. விறைப்பெல்லாம் போய் மெத்தென்று இருந்தது. அவள் அதை ஒரு கையில் பிடித்தபடி கொடியடியிலேயே நின்றாள். மாலை அசர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்ய எழுந்த மாமா, அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். ஞானதாஸ் அறையிலிருந்து வெளியே வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். இரண்டு பேரும் அவளைக் கூப்பிடவில்லை.

"இன்னும் காயல வாப்பா" என்றாள் பரக்கத், யாரும் கேட்காமலே.