எதிர்ப்பக்கக் குழாய்

என் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் முடி டாக்டர் கடை வைத்திருக்கிறார். கடை என்றால் கோபித்துக்கொள்வார். கிளினிக் என்று சொல்ல வேண்டும். வழுக்கைக்காரர்களின் ரத்தத்தை எடுத்து, ஒரு மிஷினில் போட்டுச் சுற்றி, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் தண்ணீரை அவர்கள் மண்டையிலேயே குத்திவிடுவது அவர் தொழில். மிஷின் ஓடினால் என் அலமாரியில் டம்ளர்கள் கடகடவென்று ஆடும். அதை எண்ணியே இன்றைக்கு எத்தனை தலை வந்தது என்று சொல்லிவிடுவேன்.

மூன்றாம் மாடியில் எலிக்காரி இருக்கிறாள். ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளோடு வேலை. எலிக்காரி என்ற பட்டம் நாங்கள் கொடுத்தது. அவளுடைய அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். சின்ன வயதில் வந்த காமாலை, போனதுபோல் போக்குக் காட்டிவிட்டு உள்ளேயே குடியிருந்து, ஐம்பது வயதில் அவர் ஈரலைக் கல்லாக்கிவிட்டது. ஒரு சொட்டுக் குடித்தறியாத மனுஷன். ஆனாலும் குடிகாரன் என்றுதான் தெருவில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியது யார் என்பதெல்லாம் இப்போது எதற்கு?

ஒருநாள் படிக்கட்டில் எலிக்காரி முகமெல்லாம் பல்லாக வந்தாள்.

"அக்கா, எங்க எலிங்களுக்கு ஈரலைக் கெடுக்கிற மருந்து குடுத்தோம். அதுல பாதிக்கு மட்டும் கூடவே ரத்தத்துலேருந்து பிரிச்ச பிளாஸ்மா, அந்த மஞ்சத் தண்ணி, பிளேட்லெட் நிறைய இருக்கிறது, அதையும் குடுத்தோம். அதுங்க ஈரல் அவ்வளவா கெடலைக்கா!"

நல்ல சேதியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது? முடி டாக்டரிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். எலிக்காரியின் அண்ணியிடம் இன்னொரு வார்த்தை. அவ்வளவுதான். நாலாம் நாள் கிளினிக் பலகையில் 'முடி, முகம்' என்பதற்குக் கீழே பச்சைப் பெயிண்டில் 'ஈரல்' முளைத்திருந்தது. அந்த வார சனிக்கிழமைக்கு அண்ணி நாள் வாங்கிவிட்டாள்.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அக்கா, காரியத்தைக் கெடுத்துடுவா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு நாள் பொறுத்தேன். எனக்கு அது பட்டினி கிடந்த மாதிரி. மூன்றாம் நாள், சனிக்கிழமை காலையில், வேலைக்குக் கிளம்பிய எலிக்காரியிடம் வாசல் கேட் பக்கத்தில் சொல்லித் தொலைத்தேன். "ஆராய்ச்சிக்கூடத்துல சொல்லிட்டு வந்துடறேன்" என்று ஓடினாள்.

பதினொரு மணிக்கு நானும் கிளினிக்கில்தான் இருந்தேன். சிபாரிசு செய்தவள் போகாமல் இருக்க முடியுமா? மெக்கானிக் சாய்வு நாற்காலியில் கிடந்தார். ஒரு குழாய் ரத்தம் எடுத்தாகிவிட்டது. முழங்கையில் வைத்த பஞ்சு நனைந்து, இரண்டாவது வைத்து, அதுவும் நனைந்து, மூன்றாவதை அண்ணி அழுத்திக்கொண்டிருந்தாள். அடுத்தது ஊசி: அந்த மஞ்சள் தண்ணீரை விலாவுக்குக் கீழே, நேராக ஈரலுக்குள்.

கதவைத் தள்ளிக்கொண்டு எலிக்காரி வந்தாள்.

"அண்ணா, எந்திரி."

"வந்துட்டா பாருங்க," என்றாள் அண்ணி. "எலிக்குக் குடுக்க மனசு வருது. கூடப் பொறந்தவனுக்கு வரலை."

"அண்ணி, அந்த எலிங்க நல்லாத்தான் இருந்துச்சு. நாங்கதான் கெடுத்தோம். கெடுக்கிற அன்னைக்கே பிளாஸ்மாவும் குடுத்தோம். அண்ணனுக்கு நாப்பது வருஷமாக் கெட்டிருக்கு. அப்புறம் கடைசியில எல்லா எலியையும் அறுத்துத்தான் ஈரலைப் பாத்தோம். அதையும் சேத்துச் செஞ்சிடலாமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. இருமி மறைத்தேன்.

"மேடம், இது அவரோட சொந்த ரத்தம். ஒண்ணும் ஆகாது" என்றார் முடி டாக்டர்.

"அவரோட பிளேட்லெட் எவ்வளவுன்னு பாத்தீங்களா?"

அவர் மேஜையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நாப்பத்தோராயிரம். இருக்க வேண்டியதுல மூணுல ஒரு பங்குகூட இல்லை. ரத்தத்தை உறைய வைக்கிறதே அதுதான், ஈரல் கெட்டா அதுவும் குறையும். இல்லாத சரக்கை எதுலேருந்து பிரிப்பீங்க? கையில குத்தின ஓட்டையே நிக்கலை, ஈரல்ல குத்தினா யாரு பஞ்சு வைச்சு அமுக்குறது?" பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "ஆஸ்பத்திரி மாத்திரை போடறியா?"

அவர் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தார்.

"ஊசியும் மாத்திரையும் சேந்தா ஒத்துக்காதுன்னு இந்த டாக்டர்தான் நிறுத்தச் சொன்னாரு, அஞ்சு நாளாச்சு" என்றாள் அண்ணி. சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது.

எலிக்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. "அந்தக் காமாலைக் கிருமியை அடக்கி வைச்சிருக்கிறதே அந்த மாத்திரைதான் அண்ணா. விட்டா ஒரேடியா எழும்பிடும்."

"போதும் பாப்பா," என்றார் மெக்கானிக். "வருஷக்கணக்கா மாத்திரை தின்னு அலுத்துப் போச்சு. என் உடம்பு, என் இஷ்டம். டாக்டர், நீங்க ஆரம்பிங்க."

இனி என்ன சொல்ல? வெற்றி முகத்தோடு முடி டாக்டர் குழாயை மிஷினுக்குள் செருகி மூடியைப் போட்டு ஓடவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் என் டம்ளர்கள் ஆடத் தொடங்கியது இங்கேயே கேட்டது. மிஷின் மேஜைமேல் துள்ளித் துள்ளி ஓரத்துக்கு நகர்ந்தது. அவர் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார்.

மெக்கானிக் நாற்காலியில் நிமிர்ந்தார். "அது ஏன் இப்படித் துள்ளுது?"

"பழைய மிஷின் சார்."

"பழசு இல்லைண்ணா," என்றாள் எலிக்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒரு குழாய் வைச்சா எதிர்க் குழியில அதே எடைக்கு இன்னொரு குழாய் வைக்கணும், தண்ணியாவது ஊத்தி. வேலைக்குச் சேந்த முதல் நாளே அதைத்தான் சொல்லிக் குடுப்பாங்க. இவர் காலியா விட்டிருக்காரு."

"காலியாவா?"

"நீயே பாரு."

அவர் எழுந்தார். பஞ்சைத் தானே அழுத்திக்கொண்டு போய்ச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார். சுழற்சி நிற்கும்வரை பொறுமையாக நின்றார், தொழில்காரர் அல்லவா. மூடியைத் திறந்தார். ஒரு பக்கம் அவருடைய ரத்தம். எதிரே வெறும் குழி.

"எத்தனை வருஷமா இப்படி ஓட்டறீங்க?"

"சார், ரிசல்ட் வருதுல்ல..."

"முப்பது வருஷமா மனுஷங்களை மேலயும் கீழயும் அனுப்பறேன். எதிர் எடைக்குக் கவுண்டர் வெயிட் மாட்டாத லிஃப்ட் பெட்டியில நாயைக்கூட ஏத்தினதில்லை. உங்களுக்கு மிஷினே தெரியலை. ஈரல் தெரியுமா?" குழாயை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இது என்னோடது. நான் எடுத்துட்டுப் போறேன்."

"அப்ப வேற என்னதாங்க வழி?" அண்ணி அழுதேவிட்டாள்.

"மாத்திரை இருக்கு. அலுத்துப் போனா அலுத்துக்கிட்டே முழுங்கறேன். பாப்பா, பெரிய ஆஸ்பத்திரியில இப்ப ஆள் இருப்பாங்களா?"

"இருப்பாங்க. நான் ஏற்கெனவே சொல்லிட்டுத்தான் வந்தேன். ஆட்டோ கீழே நிக்குது."

கொழுப்பைப் பாருங்கள். ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுத்தான் இவ்வளவு நேரம் வாதாடியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் அவரை நன்றாகத் திட்டி, நாலு நாள் படுக்கையில் வைத்து அனுப்பினார்கள். மாத்திரை மறுபடி ஆரம்பித்தாயிற்று. ஈரல் பூப்போல ஆகிவிடவில்லை. ஆகாது என்றும் சொல்லிவிட்டார்களாம். போன வாரம் எங்கள் கட்டடத்து லிஃப்ட் நின்றபோது மேலேறிச் சரி செய்தது அவர்தான். கண்ணில் மஞ்சள் இருந்தது, கையில் நடுக்கம் இல்லை.

நான் சும்மா இருந்தேனா? இருக்கத்தான் தெரியாதே. அவர் குடிகாரர் இல்லை என்பதையும், முடி டாக்டருக்கு எதிர்க் குழாய் தெரியாது என்பதையும் நாலு தெருவுக்கும் சேர்த்தேன். முடி டாக்டர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, பொழைப்பைக் கெடுக்காதீங்க."

"முதல்ல பலகையில ஈரலை அழிங்க. அப்புறம் வாங்க, காபி தரேன்" என்றேன்.

அழித்துவிட்டார், மேலே வெள்ளை பூசி. முடி வியாபாரம் நடக்கிறது. ஆனால் என் டம்ளர்கள் இப்போது ஆடுவதில்லை. எதிர்ப்பக்கம் தண்ணீர்க் குழாய் வைக்கக் கற்றுக்கொண்டார் போலிருக்கிறது. எத்தனை தலை வந்தது என்று தெரிந்துகொள்ள நானே ஜன்னலுக்கு நடக்க வேண்டியிருக்கிறது.