இச்சிரி வெள்ளம்

செல்போனில் ஆடுகிற துப்பாக்கிச் சண்டை விளையாட்டில், தங்கள் வீரன் பேசுவதற்கென்று ஜனங்கள் காசு கொடுத்துக் குரல் வாங்குகிறார்கள் என்பது செல்வகணேஷுக்கு முன்பே தெரியும். அந்தக் குரலால் தோட்டா ஒரு இம்மிகூட வேகமாகப் போகாது. வீரனுக்குப் புதுச்சட்டை போட்டுவிடுவதைப் போல அதுவும் வெறும் அலங்காரம்தான். ஆனாலும் அடித்துப்பிடித்து வாங்குகிறார்கள். தமிழிலும் அப்படி ஒரு குரல் தொகுப்பு, அதாவது பேக், வேண்டும் என்று வெளிநாட்டுக் கம்பெனி கேட்டபோது, மலையாள நாட்டில், கழக்கூட்டத்தில் ஒலிப்பதிவு ஸ்டுடியோ வைத்திருந்த பத்மகுமார் சென்னைக்கு ஆள் தேடிப் போகச் சோம்பல்பட்டார். கரமனையில் இருந்த செல்வகணேஷைக் கூப்பிட்டார். தமிழன், விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்துப் பழகியவன், பஸ் ஏறினால் வந்து நிற்பான். போதாதா?

மற்ற வரிகளெல்லாம் மளமளவென்று முடிந்தன. குண்டடிபட்டு விழுந்தவன் கூட்டாளியைக் கூப்பிடுகிற வரியில்தான் தகராறு வந்தது.

"எனக்கு உதவி தேவை" என்று வாசித்தான் செல்வகணேஷ்.

"ரேடியோ நியூஸ் மாதிரி இருக்கு கணேஷே" என்றார் பத்மகுமார். "சாகக் கெடக்கவன் இப்பிடியா பேசுவான்? வீட்டுல பேசுத மாதிரி விடு."

வீட்டில் அப்பா கிடந்தார். சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டியில் வேலை பார்த்த அழகியநம்பி, பக்கவாதம் வந்தபின் கட்டிலோடு சரி. பேச்சில் மிஞ்சியது ஒரே வாசகம்: "இச்சிரி வெள்ளம் தா." கொஞ்சம் தண்ணீர் தா என்பதை அந்த நாஞ்சில் நாட்டுக் குடும்பத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பசித்தாலும் அவருக்கு வெள்ளம்தான், முதுகு நொந்தாலும் படுக்கை நனைந்தாலும் வெள்ளம்தான். எந்த வெள்ளத்துக்கு என்ன அர்த்தம் என்று இழுவையை வைத்தே அம்மா உலகம்மை கண்டுபிடித்துவிடுவாள்.

மைக் முன்னால் செல்வகணேஷ் கண்ணை மூடி, "இச்சிரி வெள்ளம் தா" என்றான். அப்பாவின் தொண்டை அப்படியே வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் கைதட்டினார்கள். அவனுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பேக் வெளிவந்ததும் தமிழ்நாட்டுப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களுக்கு வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. குண்டு பட்டவன் எதற்கடா வெள்ளம் கேட்கிறான்? இந்தப் பக்கம் மலையாளிப் பையன்கள், இது நம்ம பாஷையல்லவா என்று வாங்கினார்கள். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது.

கரமனையில் அவர்கள் இருந்த தெருவில் ஓட்டு வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர், அதற்கு மேலே சத்தம் தாராளமாகத் தாண்டும். அடுத்த வீட்டில் வாடகைக்கு இருந்த லிபினும் கூட்டாளிகளும் அந்த பேக்கை வாங்கிவிட்டார்கள்.

சுவரைத் தாண்டி "இச்சிரி வெள்ளம் தா" என்று குரல் வந்ததும் உலகம்மை தண்ணீரோடு ஓடினாள். அழகியநம்பி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்து உட்காருவதற்குள் மறுபடியும் குரல், மறுபடியும் ஓட்டம். முட்டுவலியோடு இப்படியே அலைந்துவிட்டு, தனக்குப் பைத்தியமோ என்று பயந்துபோய் மகனிடம் வந்தாள்.

"மக்கா, அப்பா ஒறங்குதாரு. ஆனா வெள்ளம் கேக்காரு. எனக்குப் பிராந்து பிடிச்சிரிச்சா?"

அவன் விஷயத்தைச் சொன்னான். திட்டுவாள் என்று நினைத்தான். "அவரு மாதிரியே இருக்குல்லா" என்றாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாளே பத்மகுமாரிடம் போய் நின்றான். "பத்மண்ணா, அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துரச் சொல்லுங்க."

பத்மகுமார் கெட்ட மனிதர் இல்லை. கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். பதில் வந்ததும் கூப்பிட்டுச் சொன்னார். "நடக்காது கேட்டியா. அந்த ஒரு வரிக்காகத்தான் ஆளுவ பேக்கையே வாங்குதாம். நீ ஒப்பந்தத்துல ஒப்பு போட்டுக் குடுத்தாச்சு. இனி அது ஒனக்க சத்தம் இல்ல."

லிபினிடமும் சொல்லிப் பார்த்தான். "சாரி சேட்டா, இனி ஹெட்செட் வச்சோளாம்" என்றான் லிபின், நல்ல பையன். சொன்னபடி வைத்தும் கொண்டான். ஆனால் அவன் கூட்டாளிகள் வைக்கவில்லை. தெருமுனை டீக்கடையிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் அதே குரல் கிடந்து தண்ணீர் கேட்டது. ஊரையே ஹெட்செட் வைக்கச் சொல்ல முடியுமா? செல்வகணேஷ் ஓய்ந்துபோனான்.

உலகம்மைக்கும் பழகிவிட்டது. குரல் கேட்டால், "விளையாட்டாக்கும்" என்று சொல்லிவிட்டுக் கையிலிருக்கிற வேலையைப் பார்த்தாள்.

ஓணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அவள் அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் முன்னறையில் இருந்தான். "இச்சிரி வெள்ளம் தா."

"விளையாட்டாக்கும்" என்றாள்.

மறுபடியும் கேட்டது. விட்டு விட்டு, கேட்டுக்கொண்டே இருந்தது. பண்டிகை நேரத்திலும் இவர்களுக்கு அடங்காதா என்று செல்வகணேஷுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இன்றைக்கு நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று படியிறங்கிப் போனான்.

அடுத்த வீட்டில் பூட்டுத் தொங்கியது. பையன்கள் ஓணத்துக்கு ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள்.

அவன் தன் வீட்டு உள்ளறைக்கு ஓடினான். அப்பா கட்டிலின் விளிம்புவரை நகர்ந்து வந்திருந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது, போர்வை நனைந்திருந்தது. மகனைப் பார்த்தார். சத்தம் கேட்டு வந்த உலகம்மை வாசற்படியிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். அவன் தம்ளரை வாயில் வைத்தான். அவர் குடித்தார், பாதி கழுத்தில் வழிந்தது.

அதற்குப் பிறகு அழகியநம்பி ஒன்றும் கேட்பதில்லை. கொடுத்தால் குடிப்பார், கொடுக்காவிட்டால் கிடப்பார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தொண்டைக்கு ஒரு கோளாறும் இல்லை என்றார்.

ஓணம் முடிந்து பையன்கள் திரும்பி வந்தார்கள். இப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்போதெல்லாம் உலகம்மை போட்டது போட்டபடி ஓடிவந்து கட்டிலைப் பார்க்கிறாள். அவர் வாயை மூடிக்கொண்டு, தன் குரல் வருகிற சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறார்.