இரண்டாவது வாக்கியம்

தீர்ப்பு வந்த அன்று வேலூர் நீதிமன்ற வாசலில் என் மச்சான் ஜெயப்பிரகாஷ் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். என் மனைவி நந்தினியைக் கொன்ற வழக்கில் கோபிக்குத் தூக்கு. லட்டை வாங்கிக் கையில் வைத்திருந்தேன். சாப்பிடவில்லை. பசி இல்லை, அவ்வளவுதான். அதை யாரோ பார்த்திருக்கிறார்கள்.

பிணத்தைத் தூக்கியபோது நான் அழாததையும் பார்த்திருந்தார்கள். காரியம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போனதையும்.

என் வேலை வாகன இன்சூரன்ஸ் சர்வே. இடிபட்ட வண்டியைப் பார்த்து, அதன் சொந்தக்காரர் சொல்கிற கதை இடியோடு ஒத்துப்போகிறதா என்று எழுத வேண்டும். யாரையும் நம்பாமலிருக்கச் சம்பளம் வாங்குகிறவன். இப்போது என் மாமியார் வீடு என்னை அந்தக் கண்ணால் பார்த்தது.

கொலை நடந்தது பகலில். நான் ராணிப்பேட்டையில் ஒரு லாரியைப் பார்க்கப் போயிருந்தேன். பள்ளிகொண்டாவில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் நந்தினியின் கழுத்தை நெரித்திருந்தார்கள். முன்னறையில் குழந்தை தேவிகா தூங்கிக்கொண்டிருந்தாள். தாலிச் செயின் போய்விட்டது, கிடைக்கவேயில்லை. துவைக்கிற கல்லருகே ஒரு ரப்பர் கையுறை கிடந்தது. அதன் உட்புறம் மார்க்கரில் கோபி என்று எழுதியிருந்தது.

கோபி இரண்டு தெரு தள்ளி இருப்பவன். ஆம்பூர்ப் பக்கம் ஒரு டேனரியில் தோல் பதனிடும் டிரம்மில் வேலை. குழாயடியில் நந்தினியோடு ஒருமுறை சண்டை போட்டிருக்கிறான். போலீஸிடம் ஒப்புக்கொண்டான். கோர்ட்டில், அடித்துச் சொல்ல வைத்தார்கள் என்றான். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்தேன். குழந்தை தூங்கும் வீட்டில் தாயைக் கொன்றது அரிதினும் அரிதான குற்றம், தூக்குதான் என்றார் நீதிபதி.

கொலை நடந்த நாளிலிருந்து தேவிகா கணியம்பாடி பக்கம் மாமியார் வீட்டில் இருக்கிறாள். கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார்கள். பிறகு, கேஸ் முடியட்டும் என்றார்கள். கேஸ் முடிந்தது. குழந்தை வரவில்லை.

தூக்குத் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டும். கோபிக்காக அங்கே வாதாடப் போகிற வக்கீல் ஷஹீன் பானு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேடி வந்தார். சின்ன வயசு. ஸ்கூட்டியை என் வீட்டு முன்னால் நிறுத்தாமல் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தார். ஏன் என்று தோன்றியது.

"வண்டியை ஏன் அங்க விட்டீங்க?"

"உங்களுக்குப் பேஜார் ஆவக் கூடாதுன்னுதான் சார்."

"அவன் மேல இரக்கப்படச் சொல்லி வந்தீங்களா?"

"இல்ல. அந்த கிளவுஸ் பத்தி மட்டும். டேனரில கிளவுஸ் யாருக்கும் சொந்தமில்ல சார். ஷிப்ட் முடிஞ்சா கழுவிக் கயித்துல போட்டுருவாங்க. அடுத்த ஷிப்ட்காரன் எது காஞ்சிருக்கோ அதை மாட்டிக்குவான். புதுசா குடுக்கிற அன்னிக்குப் பேர் எழுதுவாங்க. அத்தோட அந்தப் பேருக்கு வேலை முடிஞ்சுது."

"கோர்ட்ல ஏன் இதைச் சொல்லல?"

"முன்னாடி இருந்த வக்கீல் மெட்ராஸ்காரர். அவருக்கு இதைக் கேக்கத் தெரியல. கோபியைக் கேட்டேன். 'இது ஊருக்கே தெரியுமே மேடம், ஜட்ஜய்யாவுக்குத் தெரியாதா'ன்றான்."

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"நீங்க அவன் வக்கீல். வேற எப்படிச் சொல்வீங்க?"

"என்னை நம்ப வேணாம். நீங்களே போய்ப் பாருங்க. பார்த்ததை ஒரு அபிடவிட்டா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. செத்தவங்க வீட்டுக்காரரே சொன்னா கோர்ட்டு காதுல வாங்கும்."

"பார்த்தது அவனுக்கு எதிரா இருந்தா?"

"அப்ப நான் திரும்ப வர மாட்டேன்" என்றார்.

அந்தப் பதில் நேர்மையாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் கூடியது.

மறுநாள் மதியம் அந்த டேனரிக்குப் போனேன். லாரி கிளெய்ம் என்று வாட்ச்மேனிடம் பொய் சொன்னேன். சூப்பர்வைசர் ஜியாவுல்லா வெளியே வந்து, உள்ளே அழைத்துப் போனார். ஷிப்ட் மாறும் நேரம். டிரம் கொட்டகையின் பக்கவாட்டில் நைலான் கயிறு கட்டி, அதில் கையுறைகள் தலைகீழாகத் தொங்கின. உள்ளே வந்த ஆட்கள் பேச்சை நிறுத்தாமல் ஆளுக்கு ஒரு ஜோடியை உருவிக்கொண்டு போனார்கள். ஒருவன் இடது கைக்குப் பச்சையும் வலது கைக்குக் கறுப்பும் மாட்டினான். நான் ஒன்றைத் தொட்டுத் திருப்பினேன். உள்ளே ஒரு பேரை அடித்து இன்னொரு பேர், அதையும் அடித்து வேறொன்று.

"இந்தப் பேரெல்லாம்?" என்றேன்.

"அது சும்மா சார். நாலு நாளைக்கு மேல எவன் பார்க்கிறான்? லாரியைப் பார்க்க வந்த ஆளு கிளவுஸை இன்னா பார்க்கிறீங்க?"

"கோபி இங்கதானே வேலை செஞ்சான்?"

அவர் முகம் மாறியது. என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க அந்தப் பொண்ணு வீட்டுக்காரரா?"

நான் ஆமாம் என்றேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"கோபி மட்டும் அவன் ஜோடியைத் தனியா மாட்டி வைப்பான். கை அரிப்பு அவனுக்கு. அடுத்தவன் போட்டதைப் போட மாட்டான்."

"அப்ப அவன் கிளவுஸ் அவன்கிட்டதான் இருந்திருக்கும்."

"எடுக்கிறவன் கேட்டுட்டா எடுப்பான்? தனியா மாட்டினா சீக்கிரம் காயும். காஞ்சதைத்தான் சார் மொதல்ல எடுப்பாங்க. அதுக்கே தினம் சண்டை போடுவான்."

"போலீஸ்கிட்ட இதைச் சொன்னீங்களா?"

"கிளவுஸ்ல அவன் பேர் இருக்குதான்னு மட்டும் கேட்டாங்க. இருக்குன்னேன்."

கோபியின் தோஸ்தாக இருக்கலாம் இவர். அல்லது, அவனைப் பிடிக்காதவராக. இரண்டு பக்கமும் பேசுகிறவர் உண்மை சொல்கிறவராகவும் இருக்கலாம். திரும்பும் வழி முழுக்க யோசித்தும் எந்தக் கதையும் இடியோடு ஒத்துப்போகவில்லை. கோபி செய்திருப்பான் என்றுதான் அப்போதும் தோன்றியது. ஆனால் அது வெறும் நினைப்புதான் என்று முன்பு எனக்குத் தெரியாது.

ஜெயப்பிரகாஷ் போன் செய்தார்.

"அவன் வக்கீல் பொம்பளை உங்க வீட்டுக்கு வந்தாளாமே?"

"வந்தாங்க."

"வந்தாங்களா! மரியாதையைப் பாரு. தூக்கு வேணாம்னு எழுதிக் குடுத்துட்டீங்களா மாப்ள?"

"இல்ல மச்சான்."

"இங்க இன்னா பேசிக்கிறாங்கன்னு தெரியுமா? நீங்களே ஆள் வெச்சு முடிச்சிருப்பீங்கன்றாங்க. எங்கம்மா ராத்திரியெல்லாம் தூங்கல. கொழந்தையைக் கூட்டிட்டுப் போவணும்னா வெள்ளிக்கிழமை இங்க அம்மன் கோயிலுக்கு வா. கற்பூரத்தை அணைச்சு ரெண்டே வார்த்தை சொல்லு. நந்தினி சாவுல எனக்குப் பங்கில்லன்னு ஒண்ணு. அவனைத் தூக்குல போடணும்னு ஒண்ணு. சொல்லிட்டுக் கொழந்தையை வண்டில ஏத்திட்டுப் போயிரு. நான் கூட வந்து விடறேன்."

பேச்சு நடுவில் 'நீ' ஆகிவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை போனேன். உச்சி வெயில். கோயில் முன்னால் உறவுக்காரர்கள் பத்துப் பேர் வேப்பமர நிழலில் நின்றார்கள். மாமியார் கமலவேணி தேவிகாவின் கையைப் பிடித்திருந்தார். குழந்தையின் துணிப்பை பக்கத்தில் தயாராக இருந்தது. தண்ணீர் பாட்டில் அதில் துருத்திக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் தேவிகா ஓடிவரப் பார்த்தாள். மாமியார் விடவில்லை.

பூசாரி கல்லின் மேல் கற்பூரத்தை ஏற்றினார். நான் உள்ளங்கையால் அடித்து அணைத்தேன்.

"நந்தினி சாவுல எனக்குப் பங்கில்ல."

யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஜெயப்பிரகாஷின் தோள்கள் தளர்ந்தன. அவர் உண்மையாகவே பயந்துகொண்டிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. பூசாரி இரண்டாவது கற்பூரத்தை ஏற்றினார்.

நான் கையை நீட்டினேன். நெருப்புக்கு மேலே கை நின்றது. சூடு தெரிந்தது. தேவிகாவின் பை தெரிந்தது. சொன்னால் போதும். சொல்லிவிட்டு, பிறகு வக்கீலிடம் போகாமல் இருந்தால் போதும். அவன் செத்தபின் அவன்தானா என்று கேட்க ஆளே இருக்காது.

"சொல்லு மாப்ள" என்றார் ஜெயப்பிரகாஷ்.

"இதுல எப்படி மச்சான் சத்தியம் பண்றது? என் பங்கு எனக்குத் தெரியும். அவன் பங்கு எனக்குத் தெரியாதே."

"கோர்ட்டுக்கே தெரிஞ்சிருச்சு, உனக்குத் தெரியலயா?"

"டேனரிக்குப் போய்ப் பார்த்தேன். அந்த கிளவுஸை யார் வேணா எடுத்திருக்கலாம்."

"பாத்தியாம்மா? நான் சொல்லல?" ஜெயப்பிரகாஷ் எல்லாரையும் திரும்பிப் பார்த்தார். "காப்பாத்த அலையறான் பாரு. பொண்டாட்டி செத்தவன் பண்ற வேலையா இது?"

கற்பூரம் பாதி எரிந்திருந்தது. மாமியார் குழந்தையின் கையை விட்டுவிட்டு முன்னால் வந்தார். என்னை விலக்கவில்லை. என் கைக்குக் கீழே தன் கையைக் கொண்டுபோய்த் தீயை அழுத்தினார். உடனே எடுக்கவில்லை.

"அவன் சாவணும்" என்றார்.

"அத்த, அவன்தான்னு உங்களுக்கு நிச்சயமா தெரியுமா?"

"எனக்கு இன்னாத்துக்குத் தெரியணும்? எம்பொண்ணு செத்துருக்கா. அதுக்கு யாராவது சாவணும்."

"அவன் இல்லன்னா?"

அவர் என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் வெறுப்பு இல்லை. அடுத்து யார் என்று தேடுவது போல இருந்தது.

ஜெயப்பிரகாஷ் துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு தேவிகாவைத் தூக்கினார். அவள் என் பக்கம் கையை நீட்டினாள். நான் போய் அவள் விரல்களைப் பிடித்தேன்.

"அப்பா, நான் வரலயா?"

"இன்னிக்கு இல்ல."

"ஏன்?"

ஜெயப்பிரகாஷ் நடக்கத் தொடங்கினார். விரல்கள் நழுவின. "கோர்ட்டுல பார்த்துக்கலாம் போ" என்றார், திரும்பாமல். மாமியார் சுட்ட கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு பின்னால் போனார்.

வண்டியை எடுத்து நெடுஞ்சாலைக்கு வந்ததும் ஓரத்தில் நிறுத்தி ஷஹீன் பானுவைக் கூப்பிட்டேன்.

"அபிடவிட் குடுக்கிறேன். எப்ப வரணும்?"

"திங்கக்கிழமை வாங்க சார்" என்றார். "அப்ப, அவன் செய்யலன்னு நம்பறீங்களா?"

"இல்ல. அவன்தான் செஞ்சிருப்பான்னு நினைக்கிறேன்."

லாரி ஒன்று ஈரத் தோல் நாற்றத்தோடு கடந்து போனது.

"அப்புறம் ஏன் சார்?"

"நினைக்கிறேன், அவ்வளவுதான். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது. அதை வெச்சு அவனை ஜெயில்ல வைங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல. கொல்றதுக்கு அது பத்தாது."

"கொழந்தை உங்க மாமியார் வீட்டுல இருக்குதாமே, கூட்டிட்டு வந்தாச்சா?"

"அதுக்கு ஒரு கேஸ் போடணும்" என்றேன். "நீங்க எடுத்துப்பீங்களா, இல்ல அவன் வக்கீலே எனக்கும் வாதாடினா தப்பாத் தெரியுமா?"