ஆளில்லாத வீட்டுக்கு ஸலாம்

சாச்சா வீட்டில் ஆள் கிடையாது. வாப்பாவின் தம்பி நஸ்ருதீன் சாச்சா குடும்பத்தோடு பாரிஸில் குடியேறி ஒரு தலைமுறை ஆகப்போகிறது. ஆனால் வீடு இருட்டாகக் கிடக்கக் கூடாது என்பது எங்கள் தெருவின் எழுதாத சட்டம். இருட்டில் கிடக்கிற வீட்டில் வேறு யாராவது குடிவந்துவிடுவார்களாம். அந்த ‘வேறு யாராவது’ என்ற சொல் வரும்போது மட்டும் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அதனால் அந்தியில் மஃரிபு பாங்கு கேட்டதும் சாவியை எடுத்துக்கொண்டு போய், அங்கே கூடத்து விளக்கைப் போட்டுவிட்டு வருவது என் வேலை. புருஷன் துபாயில், பிள்ளையில்லை, பார்த்த வேலையையும் விட்டாயிற்று, உம்மா வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் ஷஃபீனா என்று என் தலையில் கட்டினார்கள்.

எனக்கு அது பெரிய உபகாரம் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் டியூப்லைட் இரைவது எனக்கு மட்டும் கேட்கும். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடினால் பல் கூசும். கல்யாண மண்டபத்தில் அரை மணி நேரம் சிரித்துவிட்டு வந்தால் மறுநாள் முழுக்கப் படுத்துக் கிடப்பேன். பள்ளிக்கூட வேலையை விட்டதற்குக் காரணம் அங்கே அடித்த மணி. இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் முதுகுவலி என்று சொல்லி வைத்தேன். சாச்சா வீட்டில் எந்தச் சத்தமும் கிடையாது. வாசல் கதவைச் சாத்தினால் நெடுங்காடு பஸ்ஸின் ஹாரன்கூட யாரோ தூரத்தில் இருமுவது போலத்தான் கேட்கும்.

ஆளில்லாத வீடானாலும் நுழையும்போது ஸலாம் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளையிலிருந்து பழகியது, வாய் தானாகச் சொல்லிவிடும். நானும் தினமும் வெறும் சுவர்களுக்கு ஸலாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பதில் வந்தது.

“வ அலைக்கும் ஸலாம்.”

மாடியிலிருந்து. மெதுவாக, அவசரமில்லாமல், யாரோ வேலையைப் பார்த்துக்கொண்டே சொல்வது போல. விளக்கைக்கூடப் போடாமல் ஓடி வந்துவிட்டேன். கதவைப் பூட்டினேனா என்பதும் நினைவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. உம்மா சாயங்காலம் அஸர் தொழுததும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மஃரிபுவரை ஓதுவாள். அந்த நேரத்தில் வீடே பற்றி எரிந்தாலும் கதவைத் தட்டக் கூடாது.

பிறகு சில வாரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும் வந்தது. ஸலாம் சொல்லாமல் பூனை மாதிரி நுழைந்து பார்த்தேன். அன்றைக்கெல்லாம் வீடு வாயே திறக்கவில்லை. சொன்னால்தான் பதில், அதுவும் எல்லா நாளும் இல்லை. மாடி அறையில் சாச்சியின் தேநீர்க் கிளாஸ்கள் அலமாரியில் இருந்தன. வியாழக்கிழமை தூசி தட்டப் போனால் அவை சின்னதிலிருந்து பெரியதாக வரிசையாய் நிற்கும். அடுத்த வியாழன் பெரியதிலிருந்து சின்னதாக. என்னைப் பயமுறுத்தியது அந்த வரிசைதான். ஏனென்றால் பாத்திரத்தை அப்படி அடுக்குகிறவள் நான். மனது கலங்கினால் கரண்டி, சீப்பு, வளையல் எதுவானாலும் வரிசையாக வைப்பேன். இதையும் நானே செய்துவிட்டு மறந்துபோகிறேனோ? அந்தக் குரலும் என்னுடையதுதானோ?

அந்தச் சமயத்தில்தான் போனில் ஒரு பெண் பேசுகிற வீடியோவைப் பார்த்தேன். நடுவயதில் தனக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததாம். டியூப்லைட் இரைச்சலிலிருந்து வளையல் வரிசைவரை என் கதையை யாரோ திருடிச் சொன்ன மாதிரி இருந்தது. பார்த்து முடித்ததும் அழுதேன். மூன்றாம் நாள், வாரம் ஒருமுறை தஞ்சாவூரிலிருந்து காரைக்காலுக்கு வந்து போகும் டாக்டர் கீர்த்திகாவிடம் போய் உட்கார்ந்தேன்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார், நானும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தேன். நடுவில் ஒரு கேள்வி. மற்றவர்களுக்குக் கேட்காத குரல் ஏதாவது எனக்குக் கேட்பதுண்டா? என் வாய் “இல்லை” என்றது. ஆனால் சொல்வதற்குக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. டாக்டர் என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க சொல்றதெல்லாம் ஆட்டிசத்துக்குப் பொருந்துதுங்க. ஆனா அது பொறப்புலேர்ந்து கூடவே வர்றது. சின்ன வயசுலயும் இப்படித்தான் இருந்தீங்கன்னு ஒருத்தர் சொல்லணும். நடுவுல வந்ததுன்னா நாம வேற ஏதோன்னுதான் பாக்கணும். அம்மாவ அழைச்சிட்டு வாங்க.”

வேற ஏதோ. அதற்கு என்ன பேர் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. கேட்காமலே தெரியும். பைத்தியம் என்று தெருவில் சொல்வார்கள். மாமியார் வீட்டில் அதற்கும் ஒரு படி மேலே போய், ஏதோ பிடித்திருக்கிறது என்பார்கள்.

உம்மாவை அழைத்துப்போக இரண்டு வாரம் கெஞ்ச வேண்டியிருந்தது. உம்மாவுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. சின்ன வயதில் எனக்கு விரல்களை முகத்துக்கு நேரே உதறுகிற பழக்கம். யாராவது வந்தால் உம்மா என் கையைப் பிடித்துத் தன் வெள்ளைத் துப்பட்டிக்குள் சொருகிக்கொள்வாள். உதறணும்னா உள்ளேயே உதறிக்க, வெளியே தெரியக் கூடாது என்பாள். ஆட்களின் கண்ணைப் பார்க்க முடியவில்லை என்று அழுதபோது புருவத்தைப் பார், அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்று சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். இவ்வளவையும் டாக்டரிடம் சொன்னால் போதும்.

உம்மா துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு டாக்டர் முன்னால் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் ஒரே மூச்சாய்ப் பொய் சொன்னாள். எல்லாப் பிள்ளைகளையும்போலத்தான் இருந்தாள். நன்றாக விளையாடினாள். சத்தம் என்றால் ஒன்றும் பயமில்லை. கை உதறினாளா? இல்லையே.

“கண்ணைப் பாத்துப் பேசுவாங்களா?”

“நல்லாப் பாப்பாம்மா” என்றாள் உம்மா, டாக்டரின் முகத்தைப் பார்த்து.

எனக்கு ஆத்திரத்தில் கண் இருட்டியது. பெற்றவளே என்னைப் பைத்தியக் கணக்கில் தள்ளிவிட்டாள், அதுவும் எவ்வளவு சாதாரணமாக. அடுத்த வாரம் நான் மட்டும் மறுபடி வர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வந்தால் அந்தக் கேள்வி திரும்ப வரும், இந்தமுறை என்னால் பொய் சொல்ல முடியாது. அதற்குள் ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அந்த வீட்டில் யாராவது இருந்தால் நான் நான்தான். யாருமே இல்லையென்றால், குரல் கேட்கிறது என்று டாக்டரிடம் ஒப்புக்கொண்டு கொடுக்கிற மாத்திரையை விழுங்க வேண்டியதுதான்.

அன்றைக்கும் மறுநாளும் ஸலாம் சொல்லிப் பார்த்தேன். பதிலில்லை. பதில் வந்தபோது பயந்தவள், வராதபோது அதைவிடப் பயந்தேன். வெள்ளிக்கிழமை பாங்குக்குக் கொஞ்சம் முன்னாலேயே போனேன். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் நுழைந்தேன். விளக்கைப் போடவில்லை. மாடிப்படியில் தேங்காயெண்ணெய் வாசம் வந்தது. மாடி அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே கண்ணாடியைக் கண்ணாடி தொடும் மெல்லிய சத்தம், ஒன்று, சற்று விட்டு இன்னொன்று. நடுவே பாய் உரசுவது போல ஒரு சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது.

இருட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

எல்லாச் சத்தமும் சட்டென்று நின்றது. உள்ளே இருந்தது மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பது எனக்குத் தெரிந்தது. பதில் சொல்லாமல் இருந்திருந்தால் நான் திரும்பிப் போயிருப்பேன்.

“வ அலைக்கும் ஸலாம்” என்றது இருட்டு.

கதவைத் தள்ளினேன். தரையில் சாச்சியின் கிளாஸ்கள் சுவரிலிருந்து சுவர்வரை வரிசையாக நின்றன. அதற்குப் பின்னால் துப்பட்டி இல்லாமல், தலைமுடி அவிழ்ந்து கிடக்க, உம்மா உட்கார்ந்திருந்தாள். அவளுடைய உடம்பு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது. விரல்கள் முகத்துக்கு நேரே உதறிக்கொண்டிருந்தன. என் விரல்கள் எப்படி உதறுமோ அதே மாதிரி.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே கொல்லைப்பக்கம், உம்மாவின் அறைப் பின்வாசலை ஒட்டி, ஒரு கதவு உண்டு. பெண்கள் தெருவுக்குப் போகாமல் வந்துபோக அந்தக் காலத்தில் வைத்தது. துருப்பிடித்து இறுகிவிட்டது என்று நினைத்திருந்தேன். அதன் கீலுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறாள். ஓதுகிறேன் என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்ட மாலைகளில் பலவற்றை அவள் இங்கேதான் கழித்திருக்கிறாள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதலில் திட்ட வேண்டும்போல இருந்தது.

“நா பயந்து செத்திருப்பேன். பேசாம இருந்திருக்கலாமே உம்மா.”

“ஸலாம் சொன்னா பதில் சொல்லாம எப்படி இருக்கறது, புள்ள? கடமையாச்சே” என்றாள், ஆட்டத்தை நிறுத்தாமலே.

பிறகு அவளாகச் சொன்னாள். கல்யாணமான புதிதில் ஒருநாள் விருந்துச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு எல்லோர் முன்னாலும் ஆடிவிட்டாளாம். பிடித்திருக்கிறது என்று சொல்லி எங்கேயோ ஓதிப் பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோய் விட்டார்கள். நோன்பு மாதம் முழுக்க அங்கே இருந்தாள். காலில் என்ன போட்டு வைத்தார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. புடவையைக் கணுக்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். நாலு பேர் முன்னால் ஒழுங்காக இருக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் வீட்டுக்கு வர விட்டார்களாம்.

“டாக்டரு எழுதிக் குடுக்குற பேர வெச்சி ஒன்னயும் அங்க கொண்டு போயிட்டாங்கன்னா? அதான் ஒண்ணுமில்லன்னு சொன்னேன். நா கத்துக்கிட்டதத்தானே ஒனக்கும் சொல்லிக் குடுத்தேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷமும் என்னைத் துப்பட்டிக்குள் ஒளித்து வைத்ததாகத்தான் நினைத்திருந்தேன். உள்ளே இரண்டு பேர் இருந்திருக்கிறோம்.

பாங்கு சொல்லி ஓய்ந்தது. கீழே வாசல் கதவு திறந்தது. “அஸ்ஸலாமு அலைக்கும். ஷஃபீனா லாத்தா, வெளக்கு போடலியா?” எதிர்வீட்டு நஜீபா. வீடு இருட்டாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா என்னைப் பார்த்தாள், புருவத்தை அல்ல. இருவரும் ஒரே குரலில் சொன்னோம்.

“வ அலைக்கும் ஸலாம்.”

கீழே ஏதோ விழுந்தது. பிறகு தெருவரை ஓடும் செருப்புச் சத்தம். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நாளைக்குத் தெரு முழுக்க இந்த வீட்டில் இரண்டு இருக்கிறது என்று பேசிக்கொள்வார்கள், பேசட்டும்.

சிரிப்பு அடங்கியதும் கடைசிக் கிளாஸை எடுத்து என் கையில் கொடுத்தாள். அதை வைக்க வேண்டிய இடம் எனக்கே தெரிந்தது, வைத்தேன்.

“அடுத்த வாரம் நானும் வர்றேன். உள்ளத சொல்லிடுறேன்” என்றாள். இருட்டில் அவளுடைய விரல்கள் மறுபடி உதறத் தொடங்கின. “அந்த டாக்டரம்மா, என்னயும் ஒக்கார வெச்சி அந்தக் கேள்வியெல்லாம் கேப்பாங்களா புள்ள?”