கதவுதட்டி

"சந்தேகப்பட்டுக்கிட்டே பார்த்தா, சந்தேகப்பட ஏதாவது கிடைக்கத்தான் செய்யும்."

"நான் ஒண்ணும் சொல்லலையே. இன்னொரு தடவை போடுடான்னேன், அவ்வளவுதானே."

கண் மருத்துவமனையின் தலைமை மருத்துவர் பல்லைக் கடித்துக்கொண்டு கண்புரை அறுவை வீடியோவை மறுபடி ஓடவிட்டார். அவருடைய பயிற்சித் துறையை மதிப்பிட வெளியிலிருந்து வந்தவள் நாற்காலியைத் திரையருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவளும் கண் மருத்துவர்தான். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

முன்பெல்லாம் பயிற்சிக் காலம் முடிந்தால் போதும், மருத்துவர் தனியாகக் கத்தி பிடிக்கலாம். இப்போது வருடக் கணக்கு செல்லாது. ஒவ்வொரு வேலையையும் செய்து காட்ட வேண்டும். 'இனி இவளுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டாம்' என்று ஆசிரியர் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லை நம்பலாமா என்று வெளியாள் ஒருவர் பார்க்க வேண்டும். மதிப்பிட வந்தவள் தலையசைத்தால் திங்கட்கிழமை முதல், இந்த வீடியோவைக் காட்டித் தேர்வுக்கு நிற்கும் பயிற்சி மருத்துவர் தனியாகக் கண்புரை அறுவை செய்வாள். கை தவறினால் யாரோ ஒருவருக்குப் பார்வை போகும்.

பயிற்சி மருத்துவர் தலைமை மருத்துவரின் மருமகள். காலையில் அதைக் கேட்டதிலிருந்தே மதிப்பிட வந்தவளுக்கு மனசு ஒட்டவில்லை.

திரையில் முகம் கிடையாது. பெரிதாக ஒரு கண், இரண்டு கருவிகள். வலப்பக்கத்துக் கத்தி வெட்டுவதற்கு முன் கருவிழியின் ஓரத்தை இரண்டு தரம் லேசாகத் தொட்டுப் பார்த்தது. பிறகு பிசிறில்லாமல் உள்ளே போனது.

அந்தத் தட்டல் அவளுக்குத் தெரியும். படிக்கிற காலத்தில், வெட்டுமுன் இப்படித் தட்டுகிற இந்தத் தலைமை மருத்துவருக்குக் 'கதவுதட்டி' என்று பெயர் வைத்ததே அவள்தான்.

"நீ தட்டுற மாதிரியே இருக்கு."

"கத்துக்கொடுத்தது நான். வேற யார் மாதிரி இருக்கும்?"

பதில் சரிதான். அவ்வளவு சரியாக இருந்ததுதான் உறுத்தியது. முகம் தெரியாத வீடியோவில் அது மருமகளின் கையா, இவனுடைய கையா?

மருமகள் பிளாஸ்கோடு வந்தாள். மூடியைத் திருகியதும் இடது கை, தேநீரை ஊற்றியதும் இடது கை.

"இடது கைப் பழக்கமாம்மா?"

"ஆமா டாக்டர். எழுதுறது, காய் நறுக்குறது எல்லாம் இதுலதான்."

"கண்ணு ஆபரேஷன் மட்டும் வலதுலயா?"

மருமகள் முதலில் மாமனாரைப் பார்த்தாள். பிறகுதான் வாய் திறந்தாள். "மாமா... சார்தான் மாத்திக்கச் சொன்னாங்க. தியேட்டர்ல எல்லாமே வலது கைக்காரங்களுக்குத் தோதா வச்சிருக்கு."

அதுவும் நடக்கக்கூடியதுதான். எத்தனையோ பேர் அப்படி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு பார்வை எதற்கு?

மதிப்பிட வந்தவள் தேநீரைத் தொடாமல் எழுந்தாள். "பக்கத்து ரூம்ல பயிற்சிக்கு ஆட்டுக்கண் இருக்குமே?"

"இருக்கு. அதுக்கென்ன இப்ப? காலையிலேர்ந்து ஓ.பி. பார்த்துட்டு வந்திருக்கா. கை ஓய்ஞ்சிருக்கும்."

"ஆடுதானே, கோவிச்சுக்காது."

யாரும் சிரிக்கவில்லை. பயிற்சி அறையில் மைக்ரோஸ்கோப்பின் விளக்கைப் போட்டது அவளேதான். தட்டில் ஈரத்துணியை விலக்கி ஒரு கண்ணை எடுத்து வைத்தாள். உறை பிரித்த சின்னக் கத்தியை, பிடி மருமகளின் வலது கைக்கு வரும்படி நீட்டினாள். வாசலில் நின்ற பழைய சிநேகிதனிடம், மருமகள் முன்னால் என்பதால், பேச்சு தானாக மரியாதைக்கு மாறியது.

"நீங்க கொஞ்சம் வெளியில இருங்க சார்." பிறகு மருமகளிடம் திரும்பினாள். "எனக்காக ஒரே ஒரு வெட்டு போட்டுக் காட்டுறியாம்மா?"