காரைத் தள்ளியது யார்

காவல் அறையில் பியோ கில்சு சீருடையைக் கழற்றிக்கொண்டிருந்தார். இருபத்து நாலு மணி நேரப் பணி முடிந்துவிட்டது. மாற்று ஆள் தாக் மான்ஹோ வந்து ஹீட்டரில் கையைக் காட்டி நின்றார். பதிவேட்டில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அப்போது வெளியே கூச்சல் கேட்டது.

இன்ச்சோன் நகரின் அந்தப் பழைய அடுக்குமாடியில் இது வாடிக்கைதான். இடம் கிடைக்காதவர்கள் அடுத்தவர் காருக்குக் குறுக்கே நிறுத்தி, நியூட்ரலில் விட்டுப் போவார்கள். வெளியே போகிறவர் அதைத் தள்ளிக்கொள்ள வேண்டும்.

"குறுக்க விட்டது நீ. நான் எதுக்குத் தள்ளணும்?" என்றாள் பதினோராம் மாடி சொனு அம்மாள்.

"ஊரே தள்ளிட்டுப் போகுது. உங்க கை மட்டும் தங்கமா?" ஐந்தாம் மாடி பாங் காபியை உறிஞ்சினான்.

"மூத்தவகிட்ட பேசுற பேச்சா இது?"

"வயசானா கார் தள்ள மாட்டாங்களா என்ன?"

கில்சுவின் ஒரு கால் பேண்ட்டுக்குள், ஒரு கால் வெளியே. "அண்ணே, நீங்களே போய்ப் பாருங்களேன். நான் கிளம்பிட்டேன்" என்றார்.

"அவங்க கத்தி ஓயட்டும்டா."

"அப்புறம் மேனேஜர்கிட்ட புகார் போகும். நம்ம ஒப்பந்தம் புதுப்பிக்க இன்னும் மூணு வாரம்தான் இருக்கு."

மான்ஹோ தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். சண்டை போடுகிற இருவரையும் தாண்டி, தானே காரைத் தள்ளினார். ராத்திரி பெய்த பனி சரிவில் கண்ணாடியாக உறைந்திருந்தது. கார் நிற்கவில்லை. அதை நிறுத்த முன்னால் ஓடினார். கீழே குப்பைக் கொட்டகையின் சுவருக்கும் காருக்கும் நடுவே அவர் மாட்டிக்கொண்டபோதும், மேலே அந்த இருவரும் விரலை நீட்டிக் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

கில்சு செருப்பில்லாமல் ஓடிவந்தார். வந்து என்ன செய்ய? மான்ஹோவின் வாயிலிருந்து ஆவி வருவது நின்றிருந்தது.

பத்தாம் நாள் குடியிருப்போர் கூட்டம் கூடியது.

"அவன் காரை ஒழுங்கா நிறுத்தியிருந்தா இது நடக்குமா?" என்றாள் சொனு அம்மாள். அவள் முகம் வீங்கியிருந்தது.

"ரெண்டு நிமிஷம் நீங்க தள்ளியிருந்தா அவர் ஏன் வரப்போறாரு?" பாங்கின் குரல் உடைந்தது. "என்னைக் கொலைகாரன்னு லிஃப்டுல எழுதிவச்சிருக்காங்க."

"சரிவுல உப்பு போடாதது யாரு? நிர்வாகம்தானே?" என்றது ஒரு குரல்.

"உப்பு போடுறது காவலாளி வேலை" என்றது இன்னொன்று.

"அவரை யாரு தள்ளச் சொன்னா? எழுதிக் கொடுத்த வேலையில கார் தள்ளுறது இல்லையே."

இந்த ஐந்து வருஷத்தில் இவர்களில் எத்தனை பேருடைய காரை மான்ஹோ தள்ளியிருப்பார்! கில்சு கடைசி வரிசையிலிருந்து எழுந்தார்.

"நான்தான் அனுப்பினேன்" என்றார். "பதிவேட்டுல நாங்க இன்னும் கையெழுத்துப் போடல. அப்போ அது என் பணி நேரம். உப்பு போட வேண்டியதும் நான்தான். அவர் போக மாட்டேன்னுதான் சொன்னாரு."

ஒருவராவது தலைகுனிவார், நானும்தான் என்று ஒரு குரலாவது எழும் என்று எதிர்பார்த்தார். கூடத்தில் ஒரு பெருமூச்சு பரவியது. சுமை இறங்கிய பெருமூச்சு. தலைவர் எழுத்தரைப் பார்த்து, "அதை அப்படியே எழுதிக்கோங்க" என்றார். "காவலாளிகளுக்குள்ள நடந்த தவறு. குடியிருப்போருக்குச் சம்பந்தமில்லை. சரிதானே பியோ சார்?"

சொனு அம்மாளும் பாங்கும் முதல்முறையாக ஒரே பக்கம் பார்த்தார்கள். கில்சு எவ்வளவோ மறுத்துப் பேசினார். நாற்காலிகளை மடிக்கும் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

மறுநாள் அந்தக் கூட்டக் குறிப்புத் தாளின் நகலோடு மான்ஹோவின் மனைவி கும்சுன் காவல் அறைக்கு வந்தாள். இழப்பீடு கிடையாது என்று அதைக் காட்டித்தான் நிர்வாகத்தினர் சொல்லியிருந்தார்கள்.

"இதுல இருக்கிறது நெசமா?"

"நெசம்தான் அண்ணி. ஆனா முழுசும் இது இல்ல..."

"பத்து நாளா எங்க வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டீங்க. சவப்பெட்டியைத் தூக்குனீங்க." அவள் குரலை உயர்த்தவேயில்லை. "என்கிட்ட சொல்ல வாய் வரல. அவங்ககிட்ட மட்டும் எப்படி வந்துச்சு?"

அவள் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, குறுக்கே நின்ற கார்களுக்கு இடையே உடம்பை ஒடுக்கி ஒடுக்கி நடந்து போனாள்.